இட்டேரிக்கு நிலம் வாங்குவதா, பணம் வாங்குவதா?

போன மாசம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒரு போன். கோயமுத்தூரை ஒட்டின பேரூராட்சி ஒன்றில் வார்டு மெம்பராக இருக்கும் தம்பி. "ஏனுங்ணா, தோப்பு ஃபைல் கவுன்சிலுக்கு வருது. புரமோட்டர் இருபத்தஞ்சு லட்சம் தர்றேங்கிறார். இட்டேரியை அகலப்படுத்த நிலம் மட்டும் கேக்காதீங்கங்கிறார். வாங்கிக்கலாமா?" என்றார். தோப்பைச் சைட் போட்டு விற்கப் போகிறவர்தான் புரமோட்டர். இட்டேரி என்றால் எங்கள் பக்கம் காடுகளுக்கு நடுவில் இரண்டு பக்கமும் வேலியோடு போகும் வண்டித்தடம்.

லே-அவுட் வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. புரமோட்டர் ஆபீஸில் ஏசியிலும் உட்கார்ந்திருக்கிறேன், பேரூராட்சி வராந்தாவில் மணிக்கணக்காக நின்றும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் என்ன கணக்குப் போடுகிறார்கள் என்று ஓரளவு தெரியும். அவருக்குப் போனில் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன், இதே கேள்வி இப்போது சிட்டியை ஒட்டின எல்லா ஊருக்கும் வருகிறது.

முதலில் இடத்தைப் பாருங்கள். 9 ஏக்கர் தென்னந்தோப்பு. தெற்கே ஒரு 30 அடி தார் ரோடு, அதுதான் சைட்டுக்கு வாசல். மேற்கு எல்லை ஓரமாக சுமார் 600 அடி நீளத்துக்கு ஒரு இட்டேரி, புலப்படத்தில் (சர்வே வரைபடத்தில்) 18 அடி, நேரில் கிளுவை வேலி இரண்டு பக்கமும் சாய்ந்து பத்தடி கூடத் தேறாது. அந்த இட்டேரி வடக்கே இருக்கும் ஊருக்கும், அதற்கு அந்தப் பக்கம் ஸ்கூலுக்கும் போகிறது. ஸ்கூல் வேன் இப்போது இரண்டு கிலோமீட்டர் சுற்றிப் போகிறது. பேரூராட்சிக்கு வேண்டியது இட்டேரி 40 அடி ரோடு ஆவது, அதாவது தோப்பிலிருந்து இன்னும் 22 அடி. 22 பெருக்கல் 600, 13,200 சதுர அடி, 30 சென்ட்.

பேச உட்காருவதற்கு முன்னால் எது பேரத்தில் வரும், எது வராது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பல கவுன்சிலர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். விதியிலேயே இருப்பதைப் புரமோட்டர் ஏதோ தானமாகக் கொடுப்பது மாதிரி மேடையில் சால்வை போட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், அதாவது சுமார் 2 ஏக்கர் 47 சென்ட்டைத் தாண்டினால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு விட்டு உள்ளாட்சிக்கு இலவசமாக எழுதிக்கொடுத்தாக வேண்டும். எங்கள் பக்கம் அதை ரிசர்வ் சைட் என்போம். இந்தத் தோப்பில் ரோட்டுக்கு 30 சதவீதம் போகிறது என்று வைத்துக்கொண்டால் 900 சென்ட்டில் 270 போய் 630, அதில் ரிசர்வ் சைட் 63 சென்ட். அதுபோக பொது உபயோகத்துக்கு 1 சதவீதம், அதில் பாதி உள்ளாட்சிக்கு, பாதி மின்வாரியத்துக்கு. லே-அவுட்டுக்குள் இருக்கும் ரோடு முழுக்க உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம். இது எதற்கும் நன்றி சொல்ல வேண்டிய அவசியம் கிடையாது. 10 சதவீதத்தை இலவசமாகக் கேட்பது செல்லும் என்று 2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டே சென்னை வசந்த் அபார்ட்மெண்ட்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது.

ஆனால் இந்த 30 சென்ட் அப்படி இல்லை. சைட்டுக்கு வாசல் தெற்கே இருக்கிறது. மாஸ்டர் பிளானில் இந்த இட்டேரி ரோடாகக் காட்டப்படவும் இல்லை. ஆகவே, கொடுத்தே தீர வேண்டும் என்று அடித்துக் கேட்க முடியாது. "தீர்மானம் போட்டுட்டா கட்டாயம் தானுங்களே?" என்று தம்பி கேட்டார். டெல்லி மாநகராட்சி முன்னொரு காலத்தில் அப்படி ஒரு தீர்மானம் போட்டு லே-அவுட் இடத்தை இலவசமாகக் கேட்டது. சேத் ராம் வசிஷ்ட் வழக்கு. சட்டத்தில் இடமில்லாமல் வெறும் தீர்மானத்தை வைத்து உரிமையை மாற்றிக்கொடு என்று கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. வசந்த் வழக்கில் நின்றதற்குக் காரணம் பின்னால் விதி இருந்தது. எனவே தோப்பு விஷயத்தில் அதட்டலுக்கு வேலை இல்லை, பேசித்தான் வாங்க வேண்டும். பேச நான்கு வழி இருக்கிறது.

பணம்

கையில் 25 லட்சம். சின்னப் பேரூராட்சிக்கு இது கண்ணைப் பறிக்கிற தொகை. 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பாகக் காட்டினால் மீதியை அரசு போடும், ஆக 25 லட்சத்தை வைத்து 75 லட்சத்துக்கு வேலை எடுக்கலாம் என்று பேரூராட்சி செயல் அலுவலர் (ஈஓ) ஒரு கணக்குச் சொன்னாராம். கணக்கு தப்பில்லை, ஒதுக்கீடு கிடைத்தால்.

ஆனால் அந்த 75 லட்சத்தை வைத்து எந்த இடத்தில் ரோடு போடுவீர்கள்? இட்டேரி 18 அடியாகவே இருக்கும். வேறெங்கோ சாக்கடையும் தெருவிளக்கும் வரும். பணம் வாங்கின நாளோடு தோப்புக்காரருக்கும் இட்டேரிக்கும் உள்ள சம்பந்தம் முடிந்தது. ஆறு மாசத்தில் எல்லை ஓரமாகக் காம்பவுண்டு எழும்பும், அதற்குப் பின்னால் நூறு பேருக்கு விற்ற சைட் இருக்கும். அப்புறம் 22 அடி வேண்டுமென்றால் அந்த வரிசையில் பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்களிடம் தனித்தனியாகப் போக வேண்டும்.

இன்னொன்று, வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் நில விலை. பணமாகக் கணக்குப் போடும் இடத்தில் எல்லாம் அதுதான் அளவுகோல். 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழையபடி ஏற்றினார்கள். ஏற்றினாலும் இறக்கினாலும் ஊர் விலையை அது தொடுவதில்லை. சும்மா ஒரு கணக்குக்கு வழிகாட்டி மதிப்பு சென்ட் 3 லட்சம், ஊர் விலை 8 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 சென்ட் ஒன்றில் 90 லட்சம், இன்னொன்றில் 2 கோடி 40 லட்சம். புரமோட்டர் சொல்லும் 25 லட்சம் இரண்டில் எதற்கும் பக்கத்தில்கூட வராது. 90 லட்சமே கொடுத்தாலும் அதை வைத்துக்கொண்டு அதே நிலத்தை வாங்க முடியாது.

பணத்தில் எனக்குப் பிடிக்காத இன்னொரு சங்கதியும் உண்டு. அப்ரூவல் ஃபைல் மேசையில் இருக்கும்போது வாங்கும் "ஊர் வளர்ச்சி நிதி" ரசீது போட்டு வாங்கினாலும் ஒரு மாதிரிதான் தெரியும். முறைப்படி விதிக்கும் கட்டணங்கள் வேறு, அவற்றைப் பற்றிச் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பணமும் எந்தக் கணக்கில் போய் உட்காருகிறது என்று பாருங்கள். வளர்ச்சிக் கட்டணம் திட்டக் குழுமத்துக்கு. பெரிய கட்டடங்களுக்கு வாங்கும் உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம் மாநில அளவிலான நிதிக்கு, அங்கிருந்து திட்டம் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். ஊர் ரோட்டில் குழி விழுவது நம் வார்டில், பணம் இருப்பது சென்னையில்.

இருக்கிற அகலத்துக்கு ரோடு போட்டுக் கொடுப்பது

"நிலம் வேண்டாம், 18 அடியை நானே தார் போட்டுத் தர்றேன்." இது புரமோட்டரின் இரண்டாவது ஆஃபர், எப்போதும் பாக்கெட்டில் ரெடியாக இருக்கும். ஜனங்களுக்கும் பிடிக்கும். அடுத்த வாரமே ஜேசிபி வந்து நிற்கும், வேலி போகும், வேன் போகும். மெம்பருக்கும் அடுத்த தேர்தலுக்கு ஒரு போட்டோ.

வேலையாக வாங்குவதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. பேரூராட்சி டெண்டர் விட்டு, வேலை உத்தரவு கொடுத்து, ஒப்பந்ததாரர் பில் வரவில்லை என்று பாதியில் நிறுத்தி... அதைவிட இது வேகம், சைட் விற்கும்வரையாவது தரமாகவும் இருக்கும். சைட் பார்க்க வரும் ஆட்களுக்கு ரோடு பளபளப்பாகத் தெரிய வேண்டுமே. ஆனால் 18 அடியில் இரண்டு வேன் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். ஓரத்தில் சாக்கடைக்கும் இடம் கிடையாது. இப்போது தார் போட்டுவிட்டால், "அதான் ரோடு போட்டாச்சே" என்று பத்து வருஷத்துக்கு யாரும் அகலத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். சென்னையில் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பழைய பஞ்சாயத்துப் பகுதிகளுக்கு, ஓஎம்ஆரை விட்டு உள்ளே திரும்பிப் பாருங்கள். பெரிய பெரிய அபார்ட்மெண்ட், வாசலில் தண்ணி லாரி திரும்ப முடியாத தெரு. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் "இது போதும்" என்று நினைத்த அகலம்தான்.

வேலை வாங்கலாம். நிலத்துக்கு மேலே வாங்கலாம், நிலத்துக்குப் பதிலாக வாங்கக் கூடாது.

பின்னால் நிலமெடுத்துக்கொள்வது

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2014 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் நிலமெடுப்புச் சட்டத்தில் சந்தை மதிப்புக்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகை. அதாவது குறைந்தபட்சம் இரட்டிப்பு. மேலே போட்ட 90 லட்சத்தை அடிப்படையாக எடுத்தாலே 1 கோடி 80 லட்சம், சும்மா ஒரு 600 அடிக்கு. பேரூராட்சி ஆயுசுக்கும் கொடுக்காது.

"அப்ப பிளானில் ரோடுன்னு கோடு போட்டு வெச்சுக்கலாம், பணம் வரும்போது எடுத்துக்கலாம்" என்பார்கள். 1971 நகர் ஊரமைப்புச் சட்டம் 38-வது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. ஒதுக்கி அறிவித்து மூன்று வருஷத்துக்குள் எடுக்கிற வேலையைத் தொடங்கவில்லை, பேசியும் வாங்கவில்லை என்றால் நிலம் விடுவிக்கப்பட்டதாகவே அர்த்தம். கோவையில் ஸ்கீம் ரோடு என்று காகிதத்தில் பல காலம் கிடந்த கோடுகளைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு சாயங்காலம் போகும்.

குஜராத்தில் வேறு மாதிரி செய்கிறார்கள். நகரமைப்புத் திட்டம் போட்டு எல்லோர் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ரோட்டுக்கு எடுத்தது போக மீதியைத் திருத்தின வடிவத்தில் திருப்பிக் கொடுப்பது. அகமதாபாத்தின் 76 கிலோமீட்டர் ரிங் ரோட்டுக்கான நிலத்தில் பெரும்பகுதி அப்படித்தான் வந்தது. அருமையான ஏற்பாடு, ஆனால் ஒரு தோப்புக்கும் ஒரு வார்டு மெம்பருக்கும் அது ஆகிற காரியம் இல்லை.

நிலம்

நிலத்தைக் கேட்டால் புரமோட்டர் பதிலுக்கு என்ன கேட்பார்? சென்னை என்றால் பதில் சுலபம். ரோட்டுக்கு எழுதிக்கொடுத்த இடத்துக்கும் சேர்த்து எஃப்எஸ்ஐ (மனை அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சாதாரணக் கட்டடத்துக்கு 2, உயரமான கட்டடத்துக்கு 3.25 என்று வரும் ஊரில் அந்தத் துண்டு நிலம் மாடியாக ஏறிவிடும். அதற்கும் மேலே, முன்னால் இருக்கும் ரோடு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குத்தான் மாடி என்பதால் அகலப்படுத்துவது பில்டருக்கே லாபம், சிரித்துக்கொண்டே எழுதிக்கொடுப்பார். வேறிடத்தில் கட்ட உரிமைச் சான்றிதழாகக் கொடுக்கும் டிடிஆர் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் அதை வாங்க ஆள் இருக்கும் ஊரில்தான் அதற்கு விலை.

சைட் போட்டு விற்கிறவருக்கு எஃப்எஸ்ஐ எதற்கு? அவர் மாடி கட்டப் போவதில்லை. விற்கிற சென்ட் எத்தனை, எத்தனை மாசத்தில் விற்கும், இந்த இரண்டு கணக்குதான். அதனால் அவரோடு அந்தப் பாஷையில் பேச வேண்டும். தம்பியை வீட்டுக்கு வரச்சொல்லி ஒரு பேப்பரில் போட்டுக் காட்டினேன்.

தோப்பு 600 அடி நீளம், குறுக்கே சுமார் 650 அடி. சைட் ஆழம் 55 அடி, உள்ரோடு 30 அடி. புரமோட்டர் தரப்பு வரைபடத்தில் ஒன்பது வரிசை சைட், அதற்கு ஐந்து உள்ரோடு. ஏன் ஐந்து? இட்டேரி அகலம் போதாததால் மேற்கு ஓரத்து வரிசை இட்டேரியைப் பார்த்து நிற்க முடியாது, முதுகைக் காட்டி உள்ளே திரும்பி நிற்கிறது. கடைசி ரோட்டில் ஒரு பக்கம்தான் சைட், மறுபக்கம் வெறும் சுவர். ஒன்பது ஐம்பத்தைந்து 495, ஐந்து முப்பது 150, ஆக 645 அடி.

இப்போது இட்டேரிக்கு 22 அடியை விடுங்கள். மேற்கு வரிசை 40 அடி ரோட்டைப் பார்த்துத் திரும்பும். அதற்குப் பின்னால் இரண்டிரண்டு வரிசைக்கு ஒரு ரோடு என்று நான்கே ரோட்டில் ஒன்பது வரிசையும் முடிந்துவிடும். 495, 22, நான்கு முப்பது 120. மொத்தம் 637. எட்டு அடி மிச்சம். 600 அடி நீளத்துக்கு எட்டு அடி என்றால் 4,800 சதுர அடி, 11 சென்ட். "30 சென்ட் போகுதே" என்று அழுகிறவருக்கு உண்மையில் 11 சென்ட் கூடுகிறது. மேலே, 40 அடி ரோட்டு முகப்பில் ஒரு முழு வரிசை, அந்த சைட்டை 30 அடி ரோட்டு விலைக்கா விற்பார்?

தம்பி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அவருக்குத் தெரியாதுங்களா?" தெரியாமல் என்ன. வரைபடம் ஏற்கனவே போட்டாகிவிட்டது, மாற்றினால் இரண்டு மாசம் போகும் என்பதுதான் அவர் கவலை. இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் இப்படி விழாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வரிசை இரட்டைப்படையில் முடிந்தால் நிலம் நிஜமாகவே குறையும், அப்போது முகப்பு விலையை மட்டும் காட்டித்தான் பேச முடியும்.

அந்த இரண்டு மாசம்தான் பேரூராட்சியின் கையில் இருக்கும் துருப்பு. தோப்புக்கு அட்வான்ஸ் கொடுத்த 3 கோடி இரண்டு ரூபா வட்டியில் வந்திருந்தால் மாசம் 6 லட்சம். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) டெக்னிகல் அப்ரூவல் கொடுத்த பிறகு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சி இறுதி அனுமதி கொடுக்கும் வரைக்கும் ஒரு இடைவெளி வரும். நல்லதும் நடக்கிறது, கெட்டதும் நடக்கிறது, இரண்டும் அந்த இடைவெளியில்தான். ஃபைலைத் தாமதப்படுத்தி மிரட்டுவது ஒரு ரகம், அது எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். டெக்னிகல் அப்ரூவலுக்குப் போவதற்கு முன்பே உட்கார்ந்து, "நீங்க நிலம் விடுங்க, எங்க பக்கம் ஆக வேண்டிய ஆய்வும் தீர்மானமும் ஒரே கூட்டத்தில் முடிச்சுத் தர்றோம்" என்று தேதியோடு எழுத்தில் கொடுப்பது இன்னொரு ரகம். என் ஓட்டு இரண்டாவதற்கு.

நிலம் வாங்குவதிலும் ஏமாற இடம் நிறைய. இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, ஒரு அடித் துண்டு. பல வருஷத்துக்கு முன்னால் நானே வரைந்து கொடுத்த லே-அவுட் ஒன்று, அதனால் தைரியமாகச் சொல்லலாம். உள்ரோடு கிழக்கே போய்ப் பக்கத்துக் காட்டின் (விவசாய நிலத்தின்) எல்லையைத் தொடும் என்றுதான் வரைபடத்தில் தெரியும். கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் ரோட்டு முனைக்கும் எல்லைக்கும் நடுவில் ஒரே ஒரு அடி, தனி உட்பிரிவு, புரமோட்டர் பெயரிலேயே. நாளைக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் சைட் போட்டால் இந்த ரோட்டோடு சேர முடியாது, அந்த ஒரு அடிக்குப் பேரம் பேசித்தான் வர வேண்டும். ஸ்கேல் ஓரத்தில் அந்தக் கோட்டைப் போட்டது இந்தக் கைதான். இப்போது எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் ரோட்டு முனைகளைத்தான் பார்க்கிறேன். 40 அடியும் வடக்கு எல்லைக் கல்லைத் தொட வேண்டும், உள்ரோடுகளும் பக்கத்துப் பூமி வரை போக வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதச் சொன்னேன்.

இரண்டு, பட்டா. தானப் பத்திரம் பதிவானதும் ஆல்பத்துக்குப் போட்டோ எடுத்து எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். உட்பிரிவு செய்து பட்டா பேரூராட்சி பெயருக்கு மாறாது. ரெவின்யூ ரெக்கார்டில் பழைய பெயரே நிற்கும். பத்து வருஷம் கழித்து வாரிசு ஒருவர் அந்த ரிசர்வ் சைட்டை விற்பார், வாங்கினவர் கோர்ட்டுக்குப் போவார். கோவையில் ரிசர்வ் சைட் வழக்கு என்றாலே வக்கீல்களுக்குச் சிரிப்பு வரும் அளவுக்கு இது பழகிப்போன கதை. பத்திரமே எழுதாமல் விற்ற லே-அவுட்டுகளின் கதி இன்னும் மோசம். 2016 செப்டம்பரில் ஐகோர்ட் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டதும், 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்ததும், அலைந்து கட்டணம் கட்டியது சைட் வாங்கின ஜனங்கள். ரோட்டைக் காட்டி விற்றவர் அதற்குள் அடுத்த ஊரில் தோப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட் சமாச்சாரம் ஒன்று பாக்கி. எழுதிக்கொடுத்த ரோடு பொது ரோடு. அதன் வாயில் ஆர்ச் கட்டி, செக்யூரிட்டியை உட்கார வைத்து, நோட்டில் பெயர் எழுதச் சொல்கிறார்கள். ஒரு தடவை ஒரு பேரூராட்சித் தண்ணி டேங்க் ஆபரேட்டரையே "யாரைப் பாக்கணும்?" என்று நிறுத்தினதை நான் பார்த்தேன், அவர் அந்த லே-அவுட்டுக்குத் தண்ணி திறந்துவிடத்தான் போய்க்கொண்டிருந்தார். தீர்மானத்தில் இதற்கும் ஒரு வரி வேண்டும்.

ஆக, தம்பிக்கு நான் சொன்னது: 25 லட்சத்தை மரியாதையாக வேண்டாம் என்று சொல்லுங்கள். 22 அடியை வடக்கு எல்லை வரை கேளுங்கள், கூடவே தார் போடும் வேலையையும் கேளுங்கள், பதினோரு சென்ட் கணக்கை முதலில் மேசையில் வையுங்கள். அவர் எதற்கும் மசியவில்லை என்றால் அப்போதும் பணத்துக்குப் போகாமல் 12 அடியாவது வாங்கி 30 அடி ரோடாக்குங்கள். அதுவும் ஆகாவிட்டால் ரிசர்வ் சைட் 63 சென்ட்டை எங்கோ மூலையில், பள்ளத்தில் ஒதுக்காமல் இட்டேரி ஓரமாக நீளவாக்கில் வரவையுங்கள். பூங்காவைப் பின்னால் ரோடாக்க முடியாது, கூடாது, ஆனால் இட்டேரி ஓரத்தில் காம்பவுண்டுச் சுவர் எழும்பாது, சாக்கடைக்கும் மழைத் தண்ணிக்கும் வழி பேசிக்கொள்ளலாம்.

போன வாரம் மறுபடி போன் செய்தார். புரமோட்டர் வரைபடத்தை மாற்றிக் கொண்டுவந்துவிட்டாராம், 22 அடியும் விட்டிருக்கிறார், மேற்கு வரிசை சைட்டுக்கு விலையையும் இப்போதே ஏற்றிச் சொல்கிறாராம். "வடக்கு முனையில எப்படி இருக்கு?" என்று கேட்டேன். வாட்ஸப்பில் போட்டோ அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். ரோட்டுக்கும் எல்லைக் கோட்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு வெள்ளைப் பட்டை இருக்கிறது. நாளைக்குக் காலையில் சர்வேயரோடு தோப்புக்குப் போகிறோம்.